பத்துக்குப் பத்து

“நாப்பது செகண்ட்!” என்றாள் துணை விமானி நோரீன்.

கேப்டன் ஸ்ட்ராண்ட் தலையை அசைத்தார். அவருடைய இரண்டு கைகளும் விமானத்தை இடது பக்கம் சாய்த்துப் பள்ளத்தாக்குக்குள் இறக்கிக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் முந்நூறு பயணிகளைச் சுமந்த விமானம். இப்போது அதன் வயிற்றில் ஒன்பதாயிரத்து நானூறு கேலன் சிவப்புக் கலவை. தீ வருவதற்கு முன்னால் காட்டின் மேல் கோடாகக் கொட்டினால், தீ அந்தக் கோட்டில் வந்து தயங்கி நிற்கும். புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. நாங்கள் சேறு என்போம்.

நான் மூன்றாவது இருக்கையில், அவர்கள் இருவருக்கும் பின்னால். ஃப்ளைட் எஞ்சினியர் வர்ஜில் ப்ரூயிட், வயது அறுபத்தொன்று. எத்தனை கேலன், எவ்வளவு கனமாக விழ வேண்டும் என்று குமிழ்களைத் திருப்பி வைப்பது என் வேலை. பொத்தானை அழுத்துவது கேப்டன்.

ஸ்ட்ராண்டும் நோரீன் டேபரும் விடுப்பு முடிந்து அன்று காலைதான் வந்திருந்தார்கள். பழைய ஜோடி ஊருக்குப் போய்விட்டது. மூன்றாவது இருக்கைக்கு மட்டும் மாற்று ஆள் கிடைக்கவில்லை. எனக்கு அது பன்னிரண்டாவது நாள்.

“நாப்பத்தாறு, உங்க மூக்குக்கு அரை மைல் முன்னாடி இருக்கேன்.” ரேடியோவில் காஸ் லிண்ட்குவிஸ்ட். எங்களுக்கு முன்னால் பறந்து வழி காட்டும் சின்ன விமானம் அவளுடையது. நாற்பத்தாறு எங்கள் டேங்கர் விமானத்தின் எண். “என் வாலைப் பிடிச்சுக்கிட்டே வாங்க. மத்தியானம் போட்ட சிவப்புக் கோடு எங்க முடியுதோ அங்க ஆரம்பிங்க. வெள்ளைப் பாறை வரைக்கும் ஒரே இழுப்பு. நானூறு கஜம் இடைவெளி. அதை அடைச்சிருங்க.”

“புரிஞ்சுது,” என்றார் ஸ்ட்ராண்ட்.

“வா வா, பெரிய வாத்து!” இன்னொரு குரல் நுழைந்தது. “பேனாவோட உக்காந்திருக்கேன். இந்தத் தடவையாவது பாஸாகு.”

ஜூனி ஏக்கர்ஸ். மலையில் வெட்டுக்கத்தியும் மண்வெட்டியுமாக வேலை செய்யும் இருபது பேர் குழுவின் காவல்காரி. மற்ற பத்தொன்பது பேரும் குனிந்து வேலை செய்யும்போது, அவள் தனியாக வெள்ளைப் பாறை மேல் உட்கார்ந்து தீயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டே, நாங்கள் போடும் ஒவ்வொரு கோட்டுக்கும் மார்க் போடுவாள். காலையில் முதல் கோட்டுக்கு ஆறு. “ஆரம்பத்துல ஒழுகிருச்சு. வயசானா அப்படித்தான். டாக்டரைப் பாருங்க.” இரண்டாவதுக்கு ஏழரை. பத்து மட்டும் அந்த சீசனில் யாருக்கும் கிடைக்கவில்லை.

பத்தொன்பது பேரும் இறங்கிச் சாலைக்குப் போய்விட்டார்கள். காவல் இருப்பவர் கடைசியாகத்தான் இறங்க வேண்டும். அவள் இறங்கும் பாதை சரியாக அந்த நானூறு கஜ இடைவெளியின் குறுக்கே போகிறது. காற்று திரும்பிவிட்டது. கோடு விழுந்தால் தீ அங்கே கொஞ்ச நேரம் நிற்கும், அவள் நடந்தே இறங்கிவிடலாம். விழாவிட்டால் பாதை அரை மணி நேரம்கூடத் தாங்காது.

“இருபது செகண்ட்.”

மலை முனையைத் தாண்டினோம். புகை கண்ணாடி முழுக்க அப்பியது. என் தலைக்கு மேல் தொங்கிய ரப்பர் கோழி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

அந்தக் கோழிக்கு ஒரு கதை. எங்கள் விமானத்தில் மூன்று பேரில் யார் ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் கேப்டன் கேள்வி கேட்காமல் மேலே ஏற்றிவிட வேண்டும். அது சட்டம். சும்மா சொன்னவன் தலைக்கு மேல் அன்று முழுக்கக் கோழி தொங்கும். அது மெக்கானிக்குகளின் சட்டம். காலையில் மின்கம்பி என்று நினைத்து நான் ‘வேண்டாம்’ என்றேன். ஸ்ட்ராண்ட் மறு பேச்சில்லாமல் மேலே ஏற்றினார். கம்பி இல்லை, கண்ணாடியில் ஒரு கீறல். தரையில் மெக்கானிக் ஓர்வில் கோழியோடு காத்திருந்தான். “கண்ணாடிக்கு வைத்தியம் நான் பாக்கறேன். கண்ணுக்கு நீ பாத்துக்க, பெரிசு.”

“காஸ் தெரியுதா?” என்றார் ஸ்ட்ராண்ட்.

“தெரியல,” என்றாள் நோரீன். “ஒரு செகண்ட்… இல்ல, தெரியல.”

வழிகாட்டி கண்ணில் படவில்லை என்றால் ஏறிவிட வேண்டும். அதுவும் சட்டம்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. புகை கிழிந்தது. நேர் எதிரே, சரிவின் மேல், சிவப்பாக ஒரு கோடு.

“அதோ சிவப்பு!” என்றாள் நோரீன்.

“பாத்துட்டேன்,” என்று இறக்கையை நேராக்கினார் ஸ்ட்ராண்ட். “வர்ஜில்?”

“எல்லாம் ரெடி,” என்றேன்.

“பன்னெண்டு,” என்றாள் நோரீன்.

நானும் பார்த்தேன். கோட்டின் முனையில் ஒரு பிளந்த பாறை. பாதி சிவப்பு, பாதி சாம்பல். கோடு அந்தப் பாறையின் நடுவில் கத்தியால் வெட்டியதுபோல நின்றிருந்தது. சுத்தமான வேலை. தலைக்கு மேல் அந்தக் கோழி ஆடியது. நோரீன் எண்களைச் சொல்லிக்கொண்டே போனாள். மூன்று, இரண்டு, ஒன்று.

கேப்டன் அழுத்தினார்.

நாற்பது டன் கழன்று போனதும் விமானம் துள்ளி மேலே எழும்பியது. கடைசிக் கேலன் வரை போய்விட்டது என்று முள்ளைப் பார்த்துச் சொன்னேன்.

ரேடியோ கரகரத்தது. பிறகு ஜூனி.

“அடேயப்பா. பத்துக்குப் பத்து.”

நோரீன் கையை ஓங்கி முட்டியில் அடித்துச் சிரித்தாள்.

“சத்தியமா. ஒழுகல் இல்ல, கோணல் இல்ல, பழைய கோட்டோட மூட்டு கூடத் தெரியல. இந்த வருஷத்து முதல் பத்து.” எதையோ துப்பும் சத்தம். “ஒரே ஒரு சின்ன விஷயம், வாத்து. என் மலை இது. நீங்க போட்டது பக்கத்து மலை.”

சிரிப்பு நின்றது.

“நாப்பத்தாறு!” காஸின் குரல் கீச்சிட்டது. “எங்க போனீங்க? நான் முனையில இடது பக்கம் திரும்பினேன், நீங்க நேரா போயிட்டீங்க. அது முந்தாநாள் போட்ட கோடு. அந்தப் பக்கத் தீ அன்னைக்கே செத்தாச்சு!”

ஸ்ட்ராண்ட் கண்களை மூடவில்லை, எதையும் குத்தவில்லை. விமானத்தைத் திருப்பினார். “காஸ், அது என் தப்பு. உன்னை விட்டுட்டேன், சிவப்பைப் பாத்ததும் அதுதான்னு நெனச்சுட்டேன். நெரப்பிக்கிட்டு வர்றேன். வேற யாராவது இருக்காங்களா?”

“மத்த ரெண்டு டேங்கரும் வடக்கே போயிருச்சு. புகையில ஹெலிகாப்டர் எழும்ப முடியல. நீங்க மட்டும்தான்.”

“ஜூனி, நீ இப்பவே இறங்கிரு. ஓடு.”

“ஓடிக்கிட்டேதான் பேசறேன், கேப்டன். பத்தைத் திரும்ப வாங்கிக்க மாட்டேன், கவலைப்படாதீங்க.”

போகப் பதினான்கு நிமிடம். நிரப்பப் பதினொன்று. திரும்பி வரப் பதினான்கு. முப்பத்தொன்பது. கூட்டல் என் வேலை என்பதால் நானே சொன்னேன்.

“நீ ரெண்டு கோடு பாத்தியா?” என்று ஸ்ட்ராண்ட் நோரீனைக் கேட்டார்.

“ஒண்ணுதான் பாத்தேன், கேப்டன். சத்தியமா ஒண்ணுதான்.”

“நானும்தான்.” பின்னால் திரும்பாமல், “வர்ஜில், எரிபொருள் எவ்வளவு?” என்றார்.

பார்த்துச் சொன்னேன்.

தளத்தில் இறங்கியதும் எஞ்சினை நிறுத்தவில்லை. வயிற்றுக்கு அடியில் மூன்று குழாய்களை மாட்டினார்கள். ஹெட்செட்டில் ஓர்வில்: “என்ன பெரிசு, கோழி ஒழுங்கா இருக்கா? இன்னொண்ணு வேணுமா, ஜோடியா?” அவனுக்குச் செய்தி இன்னும் வரவில்லை.

“அந்தக் கருமத்தைக் கழட்டுங்க,” என்றாள் நோரீன்.

கழற்றினேன். வைக்க இடமில்லை. மடியில் வைத்துக்கொண்டேன். முள் மெதுவாக ஏறியது. இரண்டாயிரம். நான்காயிரம். எனக்குப் பயம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. கால் மரத்துப்போனால் அது இருக்கும் இடம் தெரியும், வலி மட்டும் தெரியாது. அப்படி. ஏழாயிரம். ஒன்பதாயிரம்.

“ஓர்வில், போதும், உருவு!”

ஒன்பது நிமிடத்திலேயே கிளம்பிவிட்டோம். இரண்டு நிமிடம் லாபம்.

பாதி வழியில் ரேடியோவில் மறுபடியும் ஜூனியின் குரல் கேட்டது.

“காஸ், பாதையை மறந்துரு. தீ எனக்கு முன்னாடியே பாதையத் தாண்டிருச்சு. பாறைக்கே திரும்பிட்டேன்.”

“பையை எடு, ஜூனி.”

மலையில் வேலை செய்யும் எல்லோர் இடுப்பிலும் ஒரு வெள்ளிப் பை மடித்து மாட்டியிருக்கும். வேறு வழியே இல்லாதபோது தரையைச் சுரண்டி, குப்புறப் படுத்து, அதை மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு நான்கு மூலைகளையும் கையாலும் காலாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். தீ மேலே போய்விடும் என்று நம்ப வேண்டும்.

“எடுத்துட்டேன். ஒரு கையுறையைக் காணோம்.” மூச்சு வாங்கியது. “மலையையே பாத்துக்கத் தெரியுது. ஒரு கையுறையப் பாத்துக்கத் துப்பில்ல. எங்க அம்மா சொன்னது சரிதான்.”

“ஜூனி, உள்ள போ.”

“வாத்து வருதா?”

“ஆறு நிமிஷம்.”

“கேப்டன்கிட்ட சொல்லு, மார்க் போட ஆள் இல்லன்னு ஏனோதானோன்னு போட வேண்டாம்னு.”

ஸ்ட்ராண்ட் ரேடியோ பொத்தானை அழுத்தினார். “போட மாட்டேன்,” என்றார்.

“நாப்பத்தாறு, கவனமாக் கேளுங்க,” என்றாள் காஸ். “வெள்ளைப் பாறைக்குத் தெற்குல பளபளன்னு ஒண்ணு தெரியும். அது அவ. தாழப் பறந்து அவ மேல மொத்தமா கொட்டினீங்கன்னா தீ வேண்டாம், நீங்களே கொன்னுருவீங்க. முந்நூறு அடிக்குக் கீழ வராதீங்க. அவளுக்கு மேல் சரிவுல ஆரம்பிச்சு, மழை மாதிரி விழட்டும்.”

“முந்நூறு,” என்றார் ஸ்ட்ராண்ட். “வர்ஜில், மெல்லிசா வை.”

வைத்தேன்.

இந்த முறை முனையில் காஸோடு சேர்ந்து இடது பக்கம் திரும்பினோம். அவள் வாலிலிருந்து வெள்ளைப் புகை விட்டுக்கொண்டே போனாள். ஸ்ட்ராண்ட் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கீழே எல்லாம் ஆரஞ்சு. அதன் நடுவில் ஒரு பாறை. பாறைக்குப் பக்கத்தில், யாரோ சாக்லேட் காகிதத்தைக் கசக்கிப் போட்டதுபோல ஒரு மினுக்கம். அனலில் விமானம் எகிறியது. நோரீன் உயரத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். முந்நூற்றுப் பத்து, முந்நூறு, முந்நூற்றைந்து.

அழுத்தினார்.

அதைவிட நல்ல கோட்டை நான் பார்த்ததில்லை. முப்பத்தாறு வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

மேலே ஏறி ஒரு சுற்றுச் சுற்றினோம். நோரீன் ரேடியோ சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். கரகரவென்ற இரைச்சல். யாரும் மார்க் போடவில்லை.

இறங்கிய பிறகு விமானத்தின் வயிற்றைக் குழாய் வைத்துக் கழுவினார்கள். சிவப்புத் தண்ணீர் கான்கிரீட்டில் ஓடியது. ஸ்ட்ராண்ட் முன் சக்கரத்தின் மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். ஓர்வில் என் கையிலிருந்து கோழியை வாங்கிக்கொண்டு போனான். அவ்வளவு நேரம் அதைக் கையில் வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. சாப்பாட்டு வண்டியில் பீன்ஸ் வைத்துச் சுருட்டிய ரொட்டி, புரிட்டோ, கொடுத்தார்கள். முழுதாகச் சாப்பிட்டேன். பீன்ஸில் கொஞ்சம் உப்பு குறைவு.

ஒன்றரை மணி நேரம் கழித்து நோரீன் ஓடி வந்தாள். அழுதுகொண்டிருந்தாள். “உயிரோட இருக்கா, பெரியவரே! நடந்தே வந்தாளாம். இடது கை மட்டும்… கையுறை இல்லாத கை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க.”

“நல்லது,” என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஸ்ட்ராண்டிடம் ஓடினாள்.

ஆறு வாரம் கழித்து, எங்களை ஊர் நூலகத்தின் பின் அறையில் உட்கார வைத்தார்கள். நடுவில் மேசை, மேசை முழுக்க மலையின் வரைபடம். இந்தத் தொழிலில் ஏதாவது தவறினால் இப்படி ஒரு கூட்டம் நடக்கும். யார் மேலும் பழி போடக் கூடாது, என்ன நடந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும். நடத்தியவர் ஹாட்ச் என்ற நரைத்த அம்மாள். ஆனால் அந்த அறையில் எழுதும் குறிப்பு அடுத்த திங்கட்கிழமை இன்னொரு அறைக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்ட்ராண்ட் இனி தீயின் மேல் பறக்கலாமா கூடாதா என்று அங்கே முடிவு செய்வார்கள்.

ஜூனியை அன்றுதான் முதல் முறை நேரில் பார்த்தேன். குரலை வைத்து உயரமானவள் என்று நினைத்திருந்தேன். குள்ளம். இடது கையில் துணியுறை. அதற்குள் இரண்டு விரல் இல்லை.

உள்ளே வந்ததும் நேராக ஸ்ட்ராண்டிடம் போனாள். “நீங்கதான் வாத்தா?”

அவர் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “நான்தான்மா.”

“கடைசிக் கோட்டுக்கு மார்க் சொல்லாம விட்டுட்டேன். வாயில மண்ணு. ஒன்பதரை.”

“அரை எதுக்குக் கொறச்சே?” என்றாள் காஸ் மூலையிலிருந்து.

“லேட்டா வந்தாங்கல்ல.”

ஸ்ட்ராண்ட் சிரிக்க முயன்றார். முகம் ஒத்துழைக்கவில்லை. நோரீன் நாற்காலியை நிமிர்த்தி அவரை உட்கார வைத்தாள்.

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னோம். காஸ் சொன்னாள். நோரீன் சொன்னாள். ஸ்ட்ராண்ட் சொன்னது நான்கே வாக்கியம். “வழிகாட்டி நாலு செகண்ட் என் கண்ணுல இல்ல. அப்பவே மேல ஏறியிருக்கணும். சிவப்பைப் பாத்தேன், அதுதான்னு எடுத்துக்கிட்டேன். வேற யாருக்கும் இதுல பங்கு இல்ல.”

“உங்க விமானத்துல வேற யாராவது ‘வேண்டாம்’னு சொல்ல வாய்ப்பு இருந்துச்சா?” என்றார் ஹாட்ச்.

“சொல்றதுக்கு அவங்களுக்கு என்ன இருக்கு? எனக்குத் தெரிஞ்சதுதான் அவங்களுக்கும் தெரியும். ஒரே ஒரு சிவப்புதான் தெரிஞ்சுது.”

ஹாட்ச் எழுதிக்கொண்டார். என் முறை வந்தது. எத்தனை கேலன், என்ன கனம், எந்த உயரம் என்று சொன்னேன். எல்லாம் சரியான எண்கள். அதையும் எழுதிக்கொண்டார்.

“அப்ப குறிப்பு இவ்வளவுதான்,” என்று பேனாவை மூடப் போனார். ஸ்ட்ராண்ட் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ திருப்பிக் கொடுக்க வந்தவர்போல.

“ஒரு நிமிஷம்,” என்றாள் ஜூனி. “எனக்கு ஒரு சந்தேகம். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு இதையேதான் யோசிச்சேன். அந்தப் பழைய கோடு இருக்கே, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி போட்டது. அது யாரோட கைவேலை?”

“எதுக்குக் கேக்கறே?” என்றார் ஹாட்ச்.

“மார்க் போடத்தான். ரெண்டு நாள் வெயில்ல காஞ்சும் அப்பதான் போட்ட மாதிரி இருந்துச்சு. அவ்வளவு கனமா, அவ்வளவு நேரா. ஒரு பாறையை நட்ட நடுவுல பாதி நனைச்சு நிறுத்தியிருக்கான், சண்டாளன். கேப்டன் ஏமாந்ததுல ஆச்சரியமே இல்ல. அந்த ஆளைக் கண்டுபிடிச்சு ஒரு பத்து போட்டுட்டு, மூக்குல ஒரு குத்தும் விடணும்.”

நோரீன் சிரித்தாள். காஸும் சிரித்தாள். ஹாட்ச் காகிதங்களைப் புரட்டினார்.

“ரெண்டு நாள் முன்னாடி… பக்கத்து மலை… இதோ. டேங்கர் நாப்பத்தாறு.” நிமிர்ந்தார். “இதே விமானம்தான்.”

“அன்னைக்கு நான் மொன்டானாவுல மீன் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்,” என்றார் ஸ்ட்ராண்ட்.

“நான் எங்கக்கா கல்யாணத்துல,” என்றாள் நோரீன்.

“ஆமா, அன்னைக்கு கேப்டன் வேற. துணை விமானியும் வேற.” ஹாட்ச் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரிக்கு விரலை நகர்த்தினார். “மூணாவது இருக்கை…”

“நான்தான்,” என்றேன்.

வெளியே யாரோ புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நோரீனின் வாய் இன்னும் சிரிப்பில்தான் இருந்தது. ஸ்ட்ராண்ட் முதல் முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அன்று விமானத்தில் அவர் திரும்பவே இல்லை.

“கனத்தை வச்சது நான். அந்தப் பாறையோட நடுவுல நிக்கற மாதிரி கணக்குப் போட்டதும் நான்.”

ஜூனி துணியுறைக் கையை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். விளையாட்டு போய்விட்ட குரலில் கேட்டாள்.

“அப்ப அந்த விமானத்துல உனக்கு மட்டும் அது பழைய கோடுன்னு…”

“தெரியும்,” என்றேன். “கேப்டன் அழுத்தறதுக்குப் பன்னெண்டு செகண்ட் முன்னாடியே தெரியும்.”